ஊறு என்னும் உணர்வு

சென்னை மாநகரின் தென்மேற்கே, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகில் அமைந்துள்ளது குன்றத்தூர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான் தோன்றிய பெருமையுடையது அவ்வூர். அங்குள்ள குன்றின்மீது முருகன் கோயில் விளங்குகின்றது. திருவிழா நாள்களில் மக்கள் திரள் திரளாகப் படியேறிச் செல்வர். காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் ஏறுவது வழக்கம்.

அவ்வாறு ஏறும் ஒருவருடைய உள்ளங்காலில் சிறு கல் ஒன்று உறுத்துவதாகக் கொள்வோம். அக்கல்லை அவருடைய கண் காணவில்லை. காதும் அதனைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. எனினும், 'கல் உறுத்துகிறது' என்று அவர் எண்ணி முடிப்பதற்கு முன்னரே கால் மேலே எழுகின்றது. உடலின் சுமை மற்றொரு காலுக்கு மாறுகின்றது. அவருக்குப் பின்னே மூதாட்டி ஒருவர் கண்களை மூடி முருகனை நினைத்தவாறே அடுத்த படியில் அடி வைக்கின்றார். தம் கால் எங்கே இருக்கின்றது, எவ்வளவு மடங்கியிருக்கின்றது என்பதை அவர் பார்த்து அறியவில்லை, ஆயினும் அறிந்திருக்கின்றார். இவ்விரு செய்திகளையும் அறிவிப்பது தொடுபுலன். பண்டைத் தமிழர் இதனை 'ஊறு' என்று வழங்கினர்.

ஐம்புலன்களுள் ஊறே முதலில் எண்ணத் தக்கது என்பது தொல்காப்பியர் கருத்து. உயிர்களை அறிவின் அளவால் ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை அவர் வகுத்துக் காட்டினார். ஓரறிவுயிர்க்கு உரிய அவ்வோர் அறிவு, தொட்டு உணர்வதேயாம். புல்லையும் மரத்தையும் அவ்வகையில் அவர் வைத்தார். சுவையும் நாற்றமும் பார்வையும் கேள்வியும் அதன் பின்னரே வருகின்றன.

சேக்கிழார் பாடிய கண்ணப்பர் வரலாற்றிலும் இப்புலனின் சிறப்பு விளங்கக் காணலாம். இறைவன் திருமேனியில் ஒரு கண்ணினின்று குருதி வடியக் கண்ட திண்ணனார், தம் கண்ணைத் தோண்டி அங்கே அப்பினார். மற்றொரு கண்ணிலும் குருதி பெருகியது. எஞ்சிய கண்ணையும் எடுத்துவிட்டால் அப்ப வேண்டிய இடம் தெரியாது அன்றோ? ஆகவே தம் காலை அவ்விடத்தில் அடையாளமாக ஊன்றிக்கொண்டார். பார்வை அற்ற பின்னும் ஊறு வழிகாட்டும் என்பதில் அவ்வேடர் தலைவர்க்கு ஐயம் இருக்கவில்லை.

இத்துணைச் சிறப்புடைய புலனைப்பற்றி மக்கள் மிகுதியாக எண்ணுவதில்லை. கண்ணொளி குன்றினால் உடனே கவலை கொள்கின்றனர். செவி மந்தமானால் மருத்துவரை நாடுகின்றனர். ஊறு இல்லாமற் போனால் என்ன நேரும்? அதனை உலகுக்குத் தெளிவாக எடுத்துக்காட்டிய இடம் தமிழ்நாடே ஆகும்.

பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் ஆங்கிலேயர். மலைவாழ் மக்களிடையே தொண்டு புரிந்தவர்கள். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்ற பிராண்டு, 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். வந்த சிறிது காலத்திற்குள் செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் நிலையத்தைக் காணச் சென்றார். குன்றத்தூரினின்று தாம்பரம் வழியாகத் தெற்கே செல்வோர் அடையும் ஊர் செங்கற்பட்டு. இராபர்ட் காக்ரேன் என்னும் தொழுநோய் வல்லுநர் அந்நிலையத்தில் அப்போது பணியாற்றிவந்தார்.

அங்கே பிராண்டு ஒரு நோயாளியின் கையைப் பற்றினார். விரல்கள் மடங்கி, செயலற்றவைபோல் தோன்றின. 'இயன்ற அளவு என் கையை அழுத்துக' என்று அவரிடம் கூறினார். மறுகணம் மருத்துவர் வலியால் துடித்தார். இரும்புப் பிடிபோல் இருந்தது அந்தப் பிடி. நோயாளியோ தாம் எவ்வளவு வலிமையாக அழுத்துகின்றோம் என்பதை அறியாமலே இருந்தார். தசையில் வலிமை இருந்தது. அவ்வலிமையை அளந்து சொல்லும் உணர்வு கையில் இல்லை. பிராண்டின் வாழ்க்கையையே மாற்றிய நிகழ்ச்சி இது.

தொழுநோயால் தசை அழுகி, விரல்கள் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன என்று அக்காலத்து மக்கள் நம்பினர். மருத்துவருள்ளும் பலர் அவ்வாறே கருதினர். தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர் ஆன்சன் கண்டறிந்தார். அந்நுண்ணுயிர் உடலின் குளிர்ந்த பகுதிகளாகிய கை, கால், முகம் ஆகியவற்றின் நரம்புகளைத் தாக்குகின்றது. நரம்பு கெட்ட இடத்தில் உணர்ச்சி மறைகின்றது. ஆனால், உணர்ச்சி மறைவதற்கும் விரல் தேய்வதற்கும் உள்ள தொடர்பு அப்போது விளங்கவில்லை.

பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அத்தொடர்பைத் தேடினர். ஒருநாள் துருவேறிய பூட்டு ஒன்று திறக்க இயலாமல் இருந்தது. பெரியவர்கள் முயன்றும் திறவாத பூட்டை, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலினின்று குருதி சொட்டியது. பார்த்தபோது, சாவி எலும்பு தெரியுமளவு சதையை வெட்டியிருந்தது. சிறுவனோ அதனை உணரவே இல்லை. உணர்ச்சியுள்ள பெரியவர்கள் வலி தோன்றியவுடன் திருகுவதை நிறுத்தியிருந்தனர்; அவனை நிறுத்துவதற்கு வலி இல்லை. வேறு சிலருக்கோ இரவு உறங்கும்பொழுது இருந்த விரற்பகுதி விடியலில் இல்லாமற் போயிற்று. இரவில் விழித்திருந்து கவனித்தபோது, எலிகள் வந்து கடிப்பதும், உறங்குவோர் அதனை அறியாமற் கிடப்பதும் தெரியவந்தன. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் துணையாக வழங்கப்பட்டன.

உண்மை வெளிப்பட்டது. நோய் விரல்களைத் தின்னவில்லை. காக்கும் உணர்வைப் பறித்துவிட்டது. எஞ்சிய கேட்டினை அடுப்பின் சூடும், கருவியின் கைப்பிடியும், காலில் தைத்த முள்ளும் செய்து முடித்தன. 'தீண்டத் தகாதவர்' என ஊரால் ஒதுக்கப்பட்ட அம்மக்கள், உண்மையில் தீண்டுதலை உணர இயலாதவர்களாக இருந்தனர். அவர்களுக்கு வேண்டியது ஒதுக்குதல் அன்று, காவலே.

1948ஆம் ஆண்டு முதல் பிராண்டு வேலூரில் புதியவகை அறுவை மருத்துவம் செய்தார். நன்னிலையில் இருந்த முன்கைத் தசைநார்களை இடம் மாற்றி இணைத்து, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார். வேலூரை அடுத்த கரிகிரியிலும் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை ஒன்று தோன்றியது. செங்கற்பட்டு நிலையத்தை 1955ஆம் ஆண்டில் இந்திய அரசு ஏற்றுக்கொண்டு, பயிற்சியும் ஆராய்ச்சியும் நடைபெறும் இடமாக வளர்த்தது.

காலின் செய்தி இன்னும் நுட்பமானது. பெருங்காயம் எதுவும் படாமலே பலருக்கு உள்ளங்காலில் புண் தோன்றியது. நெடுந்தொலைவு நடக்கும்போது, உணர்ச்சியுள்ள மனிதர் தம்மை அறியாமலே நடையைச் சிறிது சிறிதாக மாற்றுகின்றார். ஓரிடம் நொந்தால் சுமையை வேறிடத்துக்கு நகர்த்துகின்றார். உணர்ச்சியற்றவரோ முதல் அடி முதல் இறுதி அடி வரை ஒரே இடத்தை ஊன்றியே நடக்கின்றார். மெல்லிய அழுத்தமேயாயினும், ஓரிடத்தில் பல்லாயிரம் முறை விழுந்தால் சதை சிதைகின்றது. இதனை உணர்ந்த மருத்துவர்கள், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பரைக்கொண்டு காலணிகள் செய்வித்தனர். சுமை ஓரிடத்தில் குவியாமல் பாதம் முழுவதும் பரவியது, புண்களும் குறைந்தன.

1966ஆம் ஆண்டில் பிராண்டு அமெரிக்காவிலுள்ள கார்வில் என்னும் இடத்துத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். இழந்த உணர்வைக் கருவியால் ஈடுசெய்யலாம் என அங்கே முயன்றார். அழுத்தத்தை அளக்கும் சிறு கருவிகள் கையுறைகளிலும் காலுறைகளிலும் பொருத்தப்பட்டன. அழுத்தம் மிகுந்தால் ஒலி எழுந்து எச்சரிக்கும். ஆனால் கருவிகள் விலை மிகுந்தவை, எளிதிற் பழுதுற்றன. எச்சரிக்கை ஒலியைக் கேட்டும் நோயாளிகள் தொடங்கிய வேலையை விடாது செய்தனர். அம்முயற்சி கைவிடப்பட்டது. அறிஞர் பலர் கூடியும் ஆக்க இயலாத ஒரு கருவியை இயற்கை ஒவ்வொருவர் தோலிலும் எண்ணற்ற அளவில் அமைத்துள்ளது என்பது அப்போது புலனாயிற்று.

அக்கருவி எத்தகையது? தோலின் கீழே நரம்பு முனைகள் பலவகையாக முடிகின்றன. சில முனைகள் வெங்காயம்போல் அடுக்கடுக்கான உறைகளுக்குள் இருந்து அதிர்வை உணர்கின்றன. வேறு சில, 'மெர்க்கல்' உயிரணுக்கள் எனப்படுபவற்றோடு இணைந்து மெல்லிய அழுத்தத்தை உணர்கின்றன. இன்னும் சில உறையின்றி நின்று வலியை அறிவிக்கின்றன. ஆங்கிலேய அறிஞர் அட்ரியன், நரம்பின் வழியே செல்லும் செய்தி சிறு சிறு மின்துடிப்புகளாகச் செல்கின்றது என்பதைப் பதிவுசெய்து காட்டினார். மெல்லத் தொட்டால் துடிப்புகள் சிலவாகவும், வலிந்து அழுத்தினால் பலவாகவும் எழுகின்றன. 1932ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் செரிங்டன் என்பார்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது. அழுத்துதல் என்பது விசை. துடிப்பு என்பது மின்சாரம். விசையை மின்சாரமாக மாற்றுவது எது?

இதற்கு விடை 2010ஆம் ஆண்டில் கிடைத்தது. ஆர்டெம் படபூட்டியன் என்பவர் 1967ஆம் ஆண்டில் லெபனான் நாட்டின் பெய்ரூத் நகரில் பிறந்தவர். இளமையில் அமெரிக்காவிற் குடியேறியவர். கலிபோர்னியாவிலுள்ள சுக்கிரிப்சு ஆராய்ச்சி நிலையத்தில் அவரும் பெர்த்ராண்டு கோசுத்து என்பவரும், நுண்ணிய கண்ணாடி முனையால் தீண்டியவுடன் மின்னோட்டம் எழுப்பும் உயிரணு வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். அவ்வோட்டத்திற்குக் காரணமாகக் கூடிய மரபணுக்கள் 72 எனப் பட்டியல் வகுத்தனர். ஒவ்வொரு மரபணுவாகச் செயலடக்கி, ஒவ்வொரு முறையும் உயிரணுவைத் தீண்டிப் பார்த்தனர். ஒன்று, பத்து, ஐம்பது என்று சோதனை நீண்டது, மின்னோட்டம் நிற்கவில்லை. பட்டியலின் இறுதியில் இருந்த எழுபத்திரண்டாம் மரபணுவை அடக்கியபோது, உயிரணு தீண்டலை உணராது ஒழிந்தது. அம்மரபணு ஆக்கும் புரதத்திற்குப் 'பீசோ' எனப் பெயரிட்டனர். அழுத்தம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று எழுந்த பெயர் அது. அதனோடு ஒத்த மற்றொரு புரதமும் கிட்டியது. அவை பீசோ ஒன்று, பீசோ இரண்டு என வழங்குகின்றன.

பீசோவின் செயலைச் செம்பரம்பாக்கம் ஏரியைக்கொண்டு விளக்கலாம். ஏரியின் உள்ளே நீர் தேங்கி நிற்கின்றது. கரை அதனைத் தடுத்து நிற்கின்றது. மதகு திறந்தால் நீர் பாய்ந்து வெளியேறுகின்றது. உயிரணுவைச் சூழ்ந்து மெல்லிய படலம் ஒன்று உள்ளது, அதுவே கரை. படலத்திற்கு வெளியே சோடியம், கால்சியம் முதலிய மின்னேற்றமுடைய துகள்கள் மிகுந்துள்ளன. அவையே தேங்கிய நீர். படலத்தில் பதிந்துள்ள பீசோ புரதமே மதகு. ஆனால் ஏரி மதகைத் திறக்க ஆள் வேண்டும். இம்மதகைத் திறக்க ஆள் வேண்டுவதில்லை. கரை இழுபட்டால் மதகு தானே திறந்துகொள்கின்றது.

அஃது எவ்வாறு இயலும்? ஒரே வகையான மூன்று புரதங்கள் ஒன்றுகூடி ஒரு பீசோ ஆகின்றன. நடுவே ஒரு துளை. அதனைச் சூழ்ந்து மூன்று நீண்ட கைகள். மேலிருந்து நோக்கினால் மின்விசிறியின் மூன்று இறக்கைகள்போல் தோன்றும். ஒவ்வொரு புரதமும் படலத்தை 38 முறை ஊடுருவித் தைத்துள்ளது. அக்கைகள் வளைந்திருப்பதால், சூழ்ந்துள்ள படலமும் சிறு கிண்ணம்போற் குழிந்திருக்கின்றது. விரல் ஒன்றைத் தீண்டும்போது தோல் அழுந்துகின்றது, உயிரணுவின் படலம் இழுபடுகின்றது, குழிந்த கிண்ணம் தட்டையாகின்றது, கைகள் விரிகின்றன, நடுத்துளை திறக்கின்றது. மின்துகள்கள் உள்ளே பாய, நரம்பில் துடிப்பு எழுகின்றது. நொடியின் சிறு கூற்றுக்குள் மதகு மீண்டும் அடங்கி, அடுத்த தீண்டலுக்கு ஆயத்தமாகின்றது. எழுந்த துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் விரைவில் தண்டுவடம் நோக்கி ஓடுகின்றது.

பிறவியிலேயே பீசோ இரண்டு செயற்படாத மக்கள் மிகச் சிலர் உளர். அவர்களுட் சிலரை அமெரிக்க அறிஞர்கள் ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் செய்தி வெளியிட்டனர். மெல்லிய தொடுகையை அவர்களால் நன்கு உணர இயலவில்லை. கண்திறந்திருக்கும்போது அவர்கள் நடந்தனர். கண்ணைக் கட்டியவுடன் தடுமாறி விழலாயினர். தம் கையும் காலும் எங்கே உள்ளன என்பதைப் பார்த்தே அவர்கள் அறிய வேண்டியிருந்தது. குன்றத்தூர்ப் படியில் கண்மூடி ஏறும் மூதாட்டிக்கு உதவும் ஆற்றல் எதுவென்பது இதனால் தெளிவாகின்றது. தசையிலுள்ள பீசோ இரண்டே உறுப்புகளின் நிலையை அவருக்கு இடையறாது அறிவிக்கின்றது.

2021ஆம் ஆண்டின் மருத்துவத்துக்குரிய நோபல் பரிசு படபூட்டியனுக்கும் தேவிடு சூலியசு என்பவருக்கும் வழங்கப்பட்டது. சூலியசு, மிளகாயின் காரப் பொருளைத் துணைகொண்டு வெப்பத்தை உணரும் ஏற்பியை 1997ஆம் ஆண்டில் கண்டறிந்தவர். மிளகாய் தின்றவர் 'வாய் எரிகின்றது' என்பது வெறும் உவமை அன்று. சுடுநீர் பட்டால் விழிக்கும் ஏற்பியே மிளகாயாலும் விழிக்கின்றது.

விசையை உணர்வது தோலின் தொழில் மட்டும் அன்று. குருதிக் குழாய்களின் உட்சுவரில் பீசோ ஒன்று அமைந்து குருதியின் ஓட்டத்தை அறிகின்றது. சிறுநீர்ப்பை நிறைந்ததை அறிவிப்பதிலும் பீசோ இரண்டுக்குப் பங்கு உண்டு. 'இன்டெகிரின்' என்னும் மற்றொரு வகை ஏற்பிகளும் உள. அவை உயிரணுவின் உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையும் நீட்டி, சூழ்ந்துள்ள இழைகளைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. வெளியே இழுவிசை தோன்றினால், உள்ளே அவற்றோடு பிணைந்த புரதம் நீள்கின்றது. அதில் மறைந்திருந்த இடங்கள் வெளிப்பட்டு, வேறு புரதங்களை அழைத்துப் பிடிப்பை வலுவாக்குகின்றன. எலும்பும் தன்மேல் விழும் சுமையை உணர்ந்தே வலிமை பெறுகின்றது. உழைப்பவர் எலும்பு உறுதிப்படுவதும், சுமையற்ற விண்வெளியில் பல மாதம் தங்குவோர் எலும்பு நலிவதும் இதனாலேயாம்.

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. தொழுநோயை முற்றிலும் நீக்கும் கூட்டு மருந்து முறையை உலக நலவாழ்வு நிறுவனத்தின் குழு 1981ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இன்று அம்மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. ஆனால் முற்றிலும் அழிந்த நரம்பு நோய் நீங்கிய பின்னும் எளிதில் மீள்வதில்லை. ஆகவே தோலில் நிறம் வெளுத்து, உணர்ச்சியற்ற படை தோன்றினால் நாணி மறைத்தல் தவறு. காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுதல் கடமை.

நீரிழிவு நோயும் கால் நரம்புகளைக் கெடுக்க வல்லது. அந்நோயுள்ளோர் வீடுதோறும் பெருகிவரும் காலம் இது. மருத்துவர் மெல்லிய நைலான் இழை ஒன்றை நோயாளியின் உள்ளங்காலில் வைத்து, அது வளையுமளவு அழுத்துவர். வளையும்போது அது தரும் விசை 10 கிராம் எடைக்குச் சமம். அதனை உணராத கால் காவல் இழந்த கால் என்று கொள்ள வேண்டும். அத்தகையோர் நாள்தோறும் தம் பாதத்தைக் கண்ணால் பார்த்தல் வேண்டும். காலணிக்குள் கல்லோ ஆணியோ உள்ளதா எனக் கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். வெயிலிற் காய்ந்த கற்படிகளில் வெறுங்காலுடன் நடத்தலைத் தவிர்த்தல் வேண்டும். தாத்தாவும் பாட்டியும் குனிந்து பார்க்க இயலாதவராயின், அவர்தம் பாதங்களை நோக்கும் பணியைப் பேரப்பிள்ளைகள் ஏற்கலாம். அறியாத காலை அன்புடையோர் கண் காக்கும்.

வலியை விரும்புவார் ஒருவரும் இலர். எனினும், வலியற்ற வாழ்வு எத்தகையது என்பதைச் செங்கற்பட்டும் வேலூரும் காட்டிவிட்டன. கண்ணுக்குப் புலனாகாத மூன்று கைகள் விரிந்து, மதகு திறந்து, செய்தி ஓடி, கால் மேலே எழுகின்றது. குன்றேறும் மனிதர் உறுத்திய கல்லை விலக்கிவிட்டுத் தம் வழியே செல்கின்றார். தம்மைக் காத்த காவலனை அவர் நினைப்பதில்லை. அக்காவலனும் நன்றியை எதிர்பாராது அடுத்த படிக்கு விழித்திருக்கின்றது.